கீழ்நோக்கின கிணறு

சோழர் காலத்துத் தானச் செப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு சொற்றொடர் பழக்கமாகியிருக்கும். ஓர் ஊரைக் கோயிலுக்கோ அந்தணர்களுக்கோ எழுதிக் கொடுக்கும்போது நன்செய், புன்செய், நத்தம், மன்று, குளம், கோட்டகம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, "மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்" என்பார்கள். அதோடு விடமாட்டார்கள். "உடும்போடி ஆமை தவழ்ந்த" இடமெல்லாம் இதில் அடக்கம் என்று முடிப்பார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இப்படி ஒரு வாசகம் அகப்பட்டால் விடுவானா? மரம் மேலே பார்க்கிறது. கிணறு கீழே பார்க்கிறது. நடுவே ஓர் உடும்பு ஓடுகிறது, ஓர் ஆமை தவழ்கிறது. சர்வேக் கல் நடாமலே நிலத்துக்கு எல்லை போட்டாகிவிட்டது.

திருத்தணிக்காரர்கள் இந்தச் செப்பேட்டு விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். வெகு தொலைவில் இல்லாத திருவாலங்காட்டில்தான் 1905-இல் முதலாம் இராசேந்திரனின் புகழ்பெற்ற செப்பேடுகள் கிடைத்தன. பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்ல 31 ஏடுகள் தேவைப்பட்டிருக்கின்றன. திருத்தணிக்குப் பக்கத்திலேயே வேலஞ்சேரியில் 1977-இல் இன்னும் இரண்டு தொகுதி அகப்பட்டது: பல்லவன் அபராஜிதனுடையது ஒன்று, முதற் பராந்தக சோழனுடையது மற்றொன்று. அபராஜிதன் திருத்தணி முருகனுக்கு நிலம் கொடுத்தவன். நந்தியாற்றங்கரையிலுள்ள வீரட்டானேசுவரர் கோயில் அவன் காலத்துக் கற்கோயில். அங்கே அவனே பாடியதாக ஒரு வெண்பாவும் பொறித்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது கிணற்றைப் பற்றி. இத்தகைய சாசனங்களில் எல்லை சொன்ன பிறகு உரிமைகளின் பட்டியல் ஒன்று வரும். தென்னையிடப் பெறுவதாகவும், மனை எடுக்கப் பெறுவதாகவும் என்று போகிற அந்தப் பட்டியலில் "துரவு கிணறு இழிச்சப் பெறுவதாகவும்" என்று ஒரு வரி உண்டு. துரவு என்றால் பெருங்கிணறு. இழிச்சுதல் என்றால் தோண்டி இறக்குதல். அடுத்து, கூடாதவை வரும். பாய்கிற வாய்க்காலை இடையில் வெட்டக்கூடாது, அடைக்கக்கூடாது, சிற்றேற்றம் போட்டு இறைக்கக்கூடாது, கூடையால்கூட நீர் அள்ளக்கூடாது என்பார்கள். கவனியுங்கள். ஊரையே கொடுத்த பிறகும், கிணறு தோண்டும் உரிமையைத் தனியாகச் சொல்லிக் கொடுக்கவேண்டி இருந்திருக்கிறது. நிலம் உன்னுடையது என்பதனாலேயே அதன் அடியில் உள்ள நீரும் உன்னுடையது என்று அன்று யாரும் எண்ணவில்லை. அதனால் மன்னர்கள் பெரிய சூழலியல் அறிஞர்கள் என்று நான் வாதாட வரவில்லை. அவர்கள் கண் வரியின் மேல் இருந்தது. இருந்தாலும் கிணறு என்பது ஓர் அனுமதி. வரம்பு உள்ள ஒரு காரியம்.

இந்த எண்ணம் எப்போது மாறிற்று என்று தேடிக்கொண்டு போனால், நம் ஊரை விட்டுக் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

லங்காஷயர் பருத்தி ஆலைகளுக்குப் பெயர் போன சீமை. அங்கே ஓர் ஆலைக்காரர் 1821-இல் தம் ஆலைக்காக ஒரு கிணறு வெட்டினார். 1837-இல், முக்கால் மைல் தள்ளி, வேறு ஒருவர் தம் நிலத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டினார். சுரங்கத்தில் ஊறிய நீரை இறைத்துக் கொட்ட, ஆலைக்காரரின் கிணறு வற்றிப்போயிற்று. கோர்ட்டுக்குப் போனார்கள். ஆக்டன் எதிர் பிளண்டெல் என்ற அந்த வழக்கில் 1843-இல் தீர்ப்புச் சொன்னவர் தலைமை நீதிபதி டிண்டல். பூமிக்கு மேலே ஓடும் ஆறு கண்ணுக்குத் தெரிகிறது. ஆகையால் கரையிலுள்ள எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு என்று அறிந்து பழகுகிறார்கள். அடியில் இருக்கும் நீர் எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, தன் நிலத்தைத் தோண்டுகிறவன் அகப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவன் கிணறு வற்றினால் அது நஷ்டமே தவிர, குற்றம் ஆகாது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

'தெரியாது' என்பதற்குச் சட்டத்தில் இத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. சாதாரண மனிதன் தெரியாது என்றால், 'அப்படியானால் தொடாதே' என்போம். இங்கே தெரியாது என்பதே, 'எடுத்துக்கொள்' என்பதற்குக் காரணம் ஆகிவிட்டது.

அந்தத் தெரியாமையும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1856-இல் பிரான்சு தேசத்தில் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த ஆன்ரி டார்சி என்ற எஞ்சினீயர், மணலுக்குள் நீர் எந்தக் கணக்கில் நகர்கிறது என்பதைச் சோதனை செய்து சூத்திரமாகவே அச்சிட்டுவிட்டார். ஆனால் விஞ்ஞானம் ஒரு பக்கம் போக, சட்டம் தன் பழைய பாதையிலேயே போயிற்று. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1882-இல், இந்தியச் சர்க்கார் அனுபவ பாத்தியதைச் சட்டம் என்று ஒன்றைச் செய்தது. வரைந்தவர் விட்லி ஸ்டோக்ஸ். சென்னையில் சட்டத் தொழில் பார்த்தவர்; அயர்லாந்துக்காரர்; பழைய ஐரிஷ் ஏடுகளைப் பதிப்பித்துப் பெரும் பேர் எடுத்த பண்டிதர். நம் உ.வே.சா. ஒரு சட்டத்தை வரைந்திருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்! அந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, குறிப்பிட்ட ஒரு கால்வாயில் ஓடாமல் நிலத்தின் அடியில் கிடக்கிற நீர் முழுவதையும், தன் எல்லைக்குள் சேகரித்துத் தன் விருப்பப்படி கையாளுவது ஒவ்வொரு நிலச்சொந்தக்காரனின் உரிமை என்றது. லங்காஷயர் சுரங்கத்தின் தீர்ப்பு அப்படியே கப்பலேறி வந்து இறங்கிவிட்டது. முதலில் இறங்கிய இடங்களில் ஒன்று சென்னை மாகாணம். பம்பாய்க்கும் வடமேற்கு மாகாணங்களுக்கும் அது 1891-இல்தான் போயிற்று.

அப்போது திருத்தணி கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்தது. பிறகு சித்தூர் ஜில்லாவில் இருந்தது. மொழிவழி மாநிலம் பிரிந்தபோது எல்லைக்காக மக்கள் சிறைக்குப் போனார்கள், ம.பொ.சி. போராடினார், படாஸ்கர் வந்து தீர்ப்புச் சொன்னார், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. வடக்கே சில மைல் போனால் நகரி, அது ஆந்திரம். இவ்வளவு பாடுபட்டுப் போட்ட எல்லை பூமிக்கு மேலேதான். கீழே இருக்கிற நீருக்குத் தெலுங்கும் தெரியாது, தமிழும் தெரியாது. 7-ஆவது பிரிவுக்கும் அப்படியே. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அதுதான் சட்டம், அந்தப் பக்கமும் அதுதான் சட்டம்.

மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் வயதான விவசாயி ஒருவரோடு ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய கிணறு வாய் திறந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் பாறையும், பாறை இடுக்கில் ஓர் ஆலஞ்செடியும்.

"எங்கப்பா காலத்துல கவலை ஓட்டினோம் ஐயா. ரெண்டு மாடு. நான் தலையெடுத்து மோட்டார் வெச்சேன். தண்ணி கீழ போச்சு; கெணத்துக்குள்ளயே சைடு போர் விட்டேன். அப்பறம் பக்கத்துக் கொல்லைக்காரரு ஆழமா ஒரு போர் போட்டாரு. ரெண்டே கோடை. நம்ம கெணறு செத்துப் போச்சு."

"கேட்கவில்லையா, பெரியவரே?"

"வக்கீலாண்ட போனேன். அவன் நெலத்துல அவன் தோண்டறான், நீ என்னாத்த கேப்பேன்னாரு. சரின்னு நானும் கடனை வாங்கி ஒண்ணு போட்டேன். அதுக்கப்பறம் அவரு அதைவிட ஆழமாப் போட்டாரு."

டிண்டல் பிரபுவின் பெயரை அந்தப் பெரியவர் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அவர் கடன் வாங்கியது டிண்டல் தீர்ப்பின் பேரில்தான். சட்டம் 'உன் எல்லைக்குள் நீ எவ்வளவு வேண்டுமானாலும் எடு' என்று சொன்னால், அதற்கு அர்த்தம், 'யாருக்கு ஆழமாகத் தோண்டப் பணம் இருக்கிறதோ அவனுக்கே நீர்' என்பதாகும். 1990-ஐ ஒட்டி விவசாய மோட்டாருக்கு மின்சாரமும் இலவசமாயிற்று. கவலை மாடு களைத்துப்போய் நின்றுவிடும். மோட்டார் நிற்காது.

டிண்டலின் தீர்ப்பு இந்தியாவுக்கு மட்டும் வரவில்லை. அமெரிக்காவில் டெக்ஸாஸ் என்ற ராஜ்யத்துக்கும் போயிற்று. டெனிசன் என்ற ஊரில் ஈஸ்ட் என்பவர் வீட்டில் 33 அடிக் கிணறு ஒன்று இருந்தது. ரயில்வே கம்பெனி தன் எஞ்சின்களுக்காகப் பக்கத்தில் 20 அடி அகலத்தில் 66 அடிக் கிணறு வெட்டி, தினம் 25,000 காலன் இறைத்தது. வீட்டுக் கிணறு வற்றியது. 1904-இல் டெக்ஸாஸ் சுப்ரீம் கோர்ட்டு, லங்காஷயரைச் சுட்டிக்காட்டி, நிலத்தடி நீரின் போக்கு பரம ரகசியமானது, அதற்குச் சட்டம் செய்ய முடியாது என்று கூறி ரயில்வேயை விட்டுவிட்டது. டார்சியின் சூத்திரம் வெளியாகி அப்போது 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த டெக்ஸாஸிலேதான் பின்னால் ஒரு வேடிக்கை நடந்தது. மனிதனால் வெல்ல முடியாத வழக்கை மீன் வென்றது.

சான் அன்டோனியோ என்ற பெரு நகரமும் சுற்றியுள்ள வயல்களும் எட்வர்ட்ஸ் என்ற சுண்ணாம்புக்கல் நீர்ப்படுகையை நம்பி வாழ்கின்றன. அந்தப் படுகை நிரம்பி வழிகிற இடங்களில் கோமால், சான் மார்க்கோஸ் என்று இரண்டு பெரிய ஊற்றுகள். அந்த ஊற்றுகளை ஒட்டியே வாழும் பிராணிகள் உண்டு. ஓர் அங்குல நீளமுள்ள 'பவுண்டன் டார்ட்டர்' என்ற மீன், கண்ணில்லாமல் இருட்டில் வாழும் சாலமாண்டர், இவற்றோடு சான் மார்க்கோஸ் ஆற்றின் தலைப்பில் மட்டுமே வளரும் ஒரு காட்டு நெல். 1950-களில் கடும் பஞ்சம். 1956-இல் கோமால் ஊற்று 144 நாள் ஒரு சொட்டும் விடாமல் நின்றுபோயிற்று. அங்கிருந்த அந்தக் குட்டி மீன் பூண்டற்றுப் போயிற்று. 1970-களில் சான் மார்க்கோஸிலிருந்து பிடித்து வந்து திரும்ப விட்டார்கள். அதற்குள் அருகிவரும் உயிர்களைக் காக்க 1973-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு கடுமையான சட்டம் செய்திருந்தது.

1991-இல் ஒருவர் அந்தப் படுகையில் 30 அங்குலக் குழாய் இறக்கி, தினம் சுமார் 4 கோடி காலன் இறைத்துக் கெளுத்தி மீன் வளர்க்க ஆரம்பித்தார். சான் அன்டோனியோ நகரம் முழுவதும் செலவழிக்கும் நீரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு! டெக்ஸாஸ் சட்டப்படி அவரைக் கேட்க நாதியில்லை. அவர் நிலம், அவர் குழாய். அதே ஆண்டு சியரா கிளப் என்ற சங்கம் மத்திய கோர்ட்டில் வழக்குப் போட்டது. பக்கத்துக் கிணற்றுக்காரருக்காக அல்ல. ஓர் அங்குல மீனுக்காக. ஊற்று நின்றால் மீன் சாகும். மீன் சாவதை மத்திய சட்டம் தடுக்கிறது. ஆகவே ஊற்று நிற்கும்படி இறைக்க விடுவது சட்ட விரோதம். லூஷியஸ் பன்ட்டன் என்ற நீதிபதி 1993-இல் இதை ஒப்புக்கொண்டார். மே மாத முடிவுக்குள் டெக்ஸாஸ் சட்டசபை இறைப்புக்கு வரம்பு கட்டவேண்டும், இல்லாவிட்டால் மத்திய சர்க்கார் வந்து கட்டும் என்று கெடு வைத்தார். தொண்ணூறு ஆண்டுகளாக அசையாத சட்டசபை அசைந்தது. படுகைக்கு ஓர் ஆணையம் ஏற்பட்டது. வழக்குகளையெல்லாம் தாண்டி 1996-இல் அது வேலை தொடங்கியது. இன்று அங்கே யார் எவ்வளவு இறைக்கலாம் என்பதற்குச் சீட்டு உண்டு; ஊற்று குறைந்தால் எல்லாரும் குறைக்கவேண்டும் என்று விதி உண்டு.

இதற்கும் முன்னோடி நெவாடா பாலைவனத்தில் இருக்கிறது. சாத்தான் பொந்து என்று பெயருள்ள ஒரு பாறைப் பிளவில் வெதுவெதுப்பான நீர். அதற்குள் ஓர் அங்குல மீன்கள் சில நூறு. உலகில் வேறெங்கும் கிடையாது. நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பாறைத் திட்டு. அங்கேதான் அவை இரை தேடுவதும் முட்டையிடுவதும். 1952-இல் ஜனாதிபதி ட்ரூமன் அந்தப் பொந்தைத் தேசியச் சின்னத்தோடு சேர்த்தார். 1968-இல் சில மைல் தள்ளி ஒரு பண்ணை நீர் இறைக்கத் தொடங்கியது. திட்டு வெளியே தெரிய ஆரம்பித்தது. 'மீனைக் கொல்' என்றும் 'மீனைக் காப்பாற்று' என்றும் கார்களில் சீட்டு ஒட்டிக்கொண்டு அந்த ஜில்லாவே இரண்டு பட்டது. 1976-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஒருமனதாக மீன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதிலே எனக்கு மிகவும் பிடித்த அம்சம், அளவுகோல். பாறைச் சுவரில் 1962-இல் அடித்து வைத்திருந்த ஒரு செம்பு வளையத்தைக் குறியாக வைத்து, அதற்குக் கீழே இத்தனை அடிக்கு மேல் நீர் இறங்கக்கூடாது என்று உத்தரவிட்டார்கள். ஆன்ரி டார்சியின் சூத்திரம் படிக்காதவனும் அந்தச் செம்பு வளையத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம், பூமிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று. டிண்டல் தெரியாது என்றாரே, அது தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டு, அமெரிக்காக்காரன் எப்போதும் கெட்டிக்காரன் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 2012-இல் அதே டெக்ஸாஸ் சுப்ரீம் கோர்ட்டு, அடியில் இருக்கும் நீர் நிலச்சொந்தக்காரனின் சொத்தே, மிதமிஞ்சிக் கட்டுப்படுத்தினால் நஷ்ட ஈடு கொடுக்கவேண்டி வரும் என்றது. பழைய பூதம் கிணற்றுக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

நம் பக்கம் வருவோம். திருத்தணி கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் இருக்கிறது. அந்த ஆற்றில்தான் சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது முயன்ற பூண்டி நீர்த்தேக்கம். அது 1944-இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆற்றின் கடைமடையில், மீஞ்சூர்ப் பக்கத்தில், 1969 முதல் சென்னைக்காகக் கிணறுகளில் இறைத்தார்கள். மேலே நன்னீர் குறைய, கீழே கடல் நகர்ந்தது. 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த உப்பு நீர், 1983-க்குள் சுமார் 9 கிலோமீட்டர் வந்துவிட்டது. அதன் பிறகே, 1987-இல், சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. 2000-க்குப் பிந்தைய வறட்சி ஆண்டுகளில் அந்தப் பகுதி விவசாயிகள் பயிரை விட்டுவிட்டுக் கிணற்று நீரைச் சென்னைக்கு விற்றதும் உண்டு. மாநிலம் முழுவதற்கும் 2003-இல் ஒரு சட்டம் செய்தார்கள். ஏட்டுச் சுரைக்காயாகவே பத்து ஆண்டு இருந்துவிட்டு, 2013-இல் அது ரத்தாயிற்று.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்தார் 2002-இல் செய்த சட்டத்தின் பெயரே 'நீர், நிலம், மரச் சட்டம்'. கிணறுகளைப் பதிய வேண்டும். பொதுக் குடிநீர்க் கிணற்றுக்கு 250 மீட்டருக்குள் அனுமதியில்லாமல் புதுக் கிணறு தோண்டக்கூடாது. சட்டம் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது வேறு விஷயம். மரத்தையும் கிணற்றையும் ஒரே ஏட்டில் எழுதவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே! சோழனின் ஓலைநாயகம் கண்டால் தலையாட்டியிருப்பான்.

கேரளத்தில் பிளாச்சிமடா. கோக்கா கோலா ஆலை இறைக்கும் நீரைப் பற்றிப் பெருமாட்டி பஞ்சாயத்து தொடுத்த வழக்கில், 2003 டிசம்பர் 16-இல் நீதிபதி பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசாங்கம் அதன் தர்மகர்த்தா என்றார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அதை மாற்றி, நாள் ஒன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. ஆனால் 2004-இல் மூடிய ஆலை மூடியதுதான். 2017-இல் திறக்கும் எண்ணமில்லை என்று கம்பெனியே சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிவிட்டது.

இவ்வளவிலும் ஒரு மீன் வரவில்லை, ஓர் ஆமை வரவில்லை. வன உயிர்களுக்கு 1972-இல் ஒரு சட்டம். கிணற்றுக்கு 1882-இல் ஒரு சட்டம். இரண்டும் வக்கீல் வீட்டில் வேறு வேறு அலமாரியில் இருக்கின்றன. உடும்பு முதல் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. உடும்பு ஓடுகிற நிலத்தின் அடியில் உள்ள நீர் இரண்டாவதில் இருக்கிறது.

திருத்தணி மலைக்கு நீலோத்பலகிரி என்று ஒரு பெயர் உண்டு. இந்திரன் இங்கே ஒரு சுனை உண்டாக்கி, நாளுக்கு மூன்று மலர் பூக்கும் கருங்குவளைக் கொடியை நட்டு முருகனைப் பூசித்தான் என்பது தல புராணம். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படி என்று எண்ணிக்கொண்டு மலையேறுகிற பக்தர்கள் எல்லாரும் இந்திர நீலச் சுனையைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று மலர் என்பது தெய்வக் கணக்கு. அதற்குள் நான் நுழையவில்லை. குவளை நீரில்லாமல் பூக்காது என்பது மனிதக் கணக்கு. நெவாடாக்காரன் செம்பு வளையத்தை அடித்த மாதிரி, நம் முன்னோர் ஒரு பூவைச் சுனையில் நட்டு வைத்தார்கள். பூ இருக்கிறவரை ஊற்று இருக்கிறது என்று எவனும் ஏறி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

பூவாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் நம் கிணறுகளுக்கு அடியிலேயே குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். கோட்டயத்துக் கிணறுகளிலிருந்து கண்ணில்லாத ஒரு கெளுத்தியை 1950-இல் ஏ.ஜி.கே. மேனன் என்ற அறிஞர் கண்டு பெயரிட்டார். இளஞ்சிவப்பு நிறம், இரத்தம் ஓடுவது வெளியே தெரியும். செம்பாறைக்கு அடியிலுள்ள நீர்ப்படுகையில் வாழ்வது. அதற்குப் பிறகு கேரளத்தில் அதன் உறவினங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. வலை போட்டுப் பிடித்ததல்ல. மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு நீர் ஏற்றும்போது குழாய் வழியே வந்து வாளியில் விழுந்தவை. விழுந்ததைத் தூக்கிக் கொட்டிவிடாமல், ஒரு பாட்டிலில் எடுத்து வைத்து ஆராய்ச்சியாளர்களுக்குத் தகவல் சொன்னவர்கள் சாதாரண வீட்டுக்காரர்கள். ஆறாண்டு அப்படிச் சேர்த்ததில் ஒன்று புதிய இனம் என்று தெரிந்தது. 2023-இல் அதற்கு ஓராக்லானிஸ் போப்புலி என்று பெயர் வைத்தார்கள். போப்புலி என்றால் இலத்தீனில் மக்களுடையது என்று பொருள்.